பக்கத்து நாட்டோடு மாணவர் பரிமாற்றம்: உறவு நிலைக்கும்படி நடத்துவது எப்படி?

பக்கத்து நாட்டுப் பள்ளியோடோ கல்லூரியோடோ மாணவர் பரிமாற்றம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: பணம் எங்கே கிடைக்கும், விசா எப்படி வாங்குவது. செலவை எப்படிப் பகிர்வது, காகித வேலையில் என்ன கவனிப்பது என்பதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் பணமும் கிடைத்து விசாவும் கிடைத்து, ஒரு கூட்டமாகப் போய், அருங்காட்சியகம் பார்த்து, குழுப்படம் எடுத்து, நினைவுப்பரிசு கொடுத்து வாங்கி, ஊர் திரும்பி அதோடு எல்லாம் முடிந்துபோன பரிமாற்றங்கள் ஏராளம். அதைச் சுற்றுலா என்றே சொல்லிவிடலாம், தப்பில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே உறவு வளர வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் அமைய வேண்டும்: போனவர்களின் வீட்டுக்கு எதிர்த்தரப்பினரும் வர வேண்டும், இரு தரப்பும் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும், அடுத்த ஆண்டும் இது நடக்க வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த மூன்றைச் சுற்றித்தான்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு பிரான்சும் ஜெர்மனியும்தான் பதில். 1870-லிருந்து 1945 வரை, 75 ஆண்டுகளில் மூன்று முறை ஒன்றோடொன்று போரிட்ட நாடுகள் அவை. 1963 ஜனவரி 22-ஆம் தேதி பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜெர்மன் சான்சலர் அடெனாவரும் எலிசே என்ற நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், இரண்டு நாட்டு இளைஞர்களும் ஒருவரையொருவர் சந்திப்பதற்காகவே இரு நாடுகளுக்கும் பொதுவான ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. இரண்டு அரசுகளும் அதற்குச் சரிபாதியாகப் பணம் போடுகின்றன. இதுவரை 90 லட்சம் பேருக்கு மேல் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த தகவல் வேறொன்று: உடன்படிக்கைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, 1950-ல், மோன்பெலியார் என்ற பிரெஞ்சு நகரமும் லுட்விக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் நகரமும் தாங்களாகவே இணை நகரங்களாகிவிட்டன. போர் முடிந்து ஐந்தே வருடம். ஆகவே, அரசு முதலில் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பைத் தேடும்போது

பெயர் பெற்ற பெரிய நிறுவனத்தைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் அளவில் உள்ள, உங்கள் மாணவர்களின் வயதில் மாணவர்கள் உள்ள, ஏறக்குறைய உங்களைப் போன்ற வசதியுள்ள பள்ளியையோ கல்லூரியையோ தேடுங்கள். ஒரு தரப்பு பணக்காரப் பள்ளி, மறு தரப்பு திண்டாடும் பள்ளி என்றால் பரிமாற்றம் சீக்கிரமே தானமாக மாறிவிடும். வாங்குகிற பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது உறுத்தும், கொடுக்கிற பக்கத்துக்குத் தலைக்கனம் வரும்.

எதிர்த்தரப்பில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. இரண்டு பேராவது வேண்டும், ஏனென்றால் அந்த ஒருவர் மாற்றலாகிப் போன மறுநாளே உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நின்றுபோகும். உங்கள் பக்கத்திலும் அப்படியே இரண்டு பேர். மாணவர்களை அனுப்புவதற்கு முன்பு இந்த நால்வரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்துவிட வேண்டும். அந்தச் சந்திப்பிலேயே யார் எதற்குச் செலவு செய்வது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு நல்ல முறை ஒன்று பள்ளிப் பரிமாற்றங்களில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பயணச் செலவு அனுப்புகிறவர்களுடையது, தங்குமிடமும் சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் வரவேற்கிறவர்களுடையது. திரும்ப அவர்கள் வரும்போது இதுவே தலைகீழாகும். இதனால் இரண்டு நாட்டுப் பணத்தின் மதிப்பு வித்தியாசம் பெரிதாகக் குறுக்கே வராது, அவரவர் ஊரில் அவரவர் விலைக்குச் செலவு செய்கிறார்கள். யாரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் ஆவதில்லை என்பது இதில் உள்ள பெரிய லாபம்.

யாரை அனுப்புவது

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. முதல் மதிப்பெண் வாங்குகிற, நன்றாகப் பேசுகிற, ஏற்கெனவே இரண்டு மூன்று வெளிநாடு பார்த்த பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்புவார்கள். பள்ளிக்குப் பெருமைதான். ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்களை அனுப்பும் எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றி வந்த ஆய்வுகள் சில, போகிற மாணவர்களில் பலர் போவதற்கு முன்பே மற்ற நாட்டவர் மேல் நல்ல எண்ணம் கொண்டவர்கள்தான், ஆகவே போய் வந்ததால் அவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று சுட்டிக்காட்டின. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. ஏற்கெனவே மனம் திறந்தவனை அனுப்பி மனம் திறந்துவிட்டான் என்று அறிக்கை எழுதுவதில் என்ன இருக்கிறது?

இடங்களில் பாதியையாவது, கேட்கத் தயங்குகிற பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் யாரும் எல்லையைத் தாண்டியதில்லை, பக்கத்து நாடு என்றாலே வீட்டில் முகம் சுளிப்பார்கள், அப்படிப்பட்டவர்கள். அவர்கள் தாங்களாக விண்ணப்பம் போட மாட்டார்கள், நீங்கள்தான் பெற்றோரிடம் போய்ப் பேச வேண்டும். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் திட்டத்தின் செலவிலேயே இருக்கட்டும். ஒரு தரப்புக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெரிதானால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

சந்தித்தால் மட்டும் போதுமா

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-ல் இதைப் பற்றி எழுதியது இன்றைக்கும் பயன்படுகிறது. பகையுள்ள இரண்டு கூட்டங்கள் சந்தித்துக்கொண்டால் பகை தானாகக் குறைந்துவிடாது; இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருக்கிறவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். 2006-ல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவாகச் சந்திப்பு காழ்ப்பைக் குறைக்கிறது, இந்த நிலைமைகள் அமைந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று கண்டார்கள்.

அதே 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் முகாம் போட்டு, 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, போட்டிகள் வைத்தார். கொஞ்ச நாளில் ஓர் அணி மற்ற அணியின் கொடியைக் கொளுத்தும் அளவுக்குப் போய்விட்டது. அப்புறம் இரு அணியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள், சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். கடைசியில் வேலை செய்தது என்ன? முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனதாக ஏற்பாடு செய்தார்கள், இரண்டு அணியும் சேர்ந்துதான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை, சில நாள் முன்பு எந்தக் கயிற்றால் எதிரெதிராக இழுபறி விளையாடினார்களோ அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். (இந்தப் பரிசோதனையில் பிள்ளைகளை நடத்திய விதத்தைப் பற்றி விமர்சனங்கள் உண்டு, அவை சரியானவை. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்வோம்.)

உங்கள் நிகழ்ச்சி நிரலில் ‘நட்புமுறைக் கால்பந்துப் போட்டி’ என்று இருந்தால், இந்த நாடு எதிர் அந்த நாடு என்று ஆடவே விடாதீர்கள். பெயர்தான் நட்பு. ஒவ்வோர் அணியிலும் பாதிப் பேர் இவர்கள், பாதிப் பேர் அவர்கள். கலை நிகழ்ச்சியும் அப்படித்தான்: அவர்கள் ஆடி நாம் பார்த்து, நாம் பாடி அவர்கள் கைதட்டி முடிவதைவிட, இரண்டு தரப்பும் சேர்ந்து சுமாராக ஒன்றைத் தயாரித்து மேடையேற்றினால் எவ்வளவோ மேல்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டைக் கவனியுங்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலேயே இவர்கள் எல்லாம் ஒரு மேசை, அவர்கள் எல்லாம் இன்னொரு மேசை என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஆசிரியர்களும் தனி மேசை! இதை உடைப்பதற்குக் குழு விளையாட்டு என்று பெரிதாக எதுவும் வேண்டாம், உட்காரும் இடத்தில் பெயரட்டை வைத்துவிடுங்கள், பேருந்திலும் இருக்கைகளை நீங்களே ஒதுக்குங்கள். இரண்டாம் நாள் முணுமுணுப்பார்கள், அதற்கப்புறம் பெயரட்டையே தேவைப்படாது.

சேர்ந்து செய்கிற வேலை

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். வேலை எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு தரப்பு தனியாக முடிக்க முடியாததாக இருக்க வேண்டும். அண்டை நாடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பிரச்சினைகள் பொதுவானவை. ஒரே ஆறு இரண்டு நாட்டிலும் ஓடும். மேலே உள்ளவர்கள் அவர்கள் பக்கத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கட்டும், கீழே உள்ளவர்கள் இந்தப் பக்கம் எடுக்கட்டும், கலங்கலையும் அமிலத்தன்மையையும் ஒரே கருவியால் ஒரே முறையில் அளந்து, ஒரே அட்டவணையில் எழுதட்டும். ஒரு பக்கத்து எண்கள் மட்டும் இருந்தால் அந்த அட்டவணையால் பயனில்லை, அதனால் எதிர்த்தரப்பு எண்கள் எப்போது வரும் என்று தானாகவே கேட்க ஆரம்பிப்பார்கள். வலசை போகும் பறவைகள், எல்லை தாண்டும் காற்று மாசு, இரு பக்கமும் வாழும் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது, எதுவானாலும் சரி.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் வரலாற்றைத் தொடுங்கள். இரண்டு நாட்டுப் பாடப்புத்தகங்களிலும் இடம்பெறும் ஏதேனும் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு போரோ ஒரு பிரிவினையோ. அந்தப் பக்கங்களை மொழிபெயர்த்து, இந்த நாட்டு மாணவர் ஒருவர், அந்த நாட்டு மாணவர் ஒருவர் என்று ஜோடியாக உட்காரவைத்து அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதில் ஒத்துப்போகின்றன, எதை ஒரு புத்தகம் மூன்று பக்கம் எழுதி இன்னொன்று ஒரு வரியில் கடக்கிறது, எந்த ஊர் ஒரு புத்தகத்தில் பிடிக்கப்பட்டது, இன்னொன்றில் மீட்கப்பட்டது என்று வண்ணப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். யார் சொல்வது சரி என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்ததே ஒரு நாளைக்குப் போதும், அதைச் சீரணிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: 2003-ல் எலிசே உடன்படிக்கையின் 40-ஆம் ஆண்டையொட்டி பெர்லினில் கூடிய பிரெஞ்சு–ஜெர்மன் இளைஞர் நாடாளுமன்றத்தில், இரு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது மாணவர்கள்தான். அரசுகள் ஏற்றுக்கொண்டன, 2006-ல் முதல் தொகுதி வந்தது, ஒரே உள்ளடக்கம் இரண்டு மொழிகளிலும்.

எங்கே தங்கவைப்பது

முடிந்தவரை மாணவர்களின் வீடுகளில். விடுதி அறை எல்லா நாட்டிலும் விடுதி அறைதான். வீட்டில் இருந்தால்தான் அந்த வீட்டுப் பாட்டி செய்தி பார்த்துக்கொண்டே என்ன சொல்கிறார், அண்ணன் தங்கை எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை: பயணம் போவது ஒரு மாணவர்தான், ஆனால் பக்கத்து நாட்டுப் பிள்ளையைத் தன் மேசையில் உட்காரவைத்துச் சோறு போட்ட ஒரு குடும்பம் முழுக்க அந்த உறவுக்குள் வந்துவிடுகிறது. பிரிஜித் சொசே என்ற பிரெஞ்சு–ஜெர்மன் திட்டத்தில் இதுதான் முறை. மாணவர் சில வாரங்கள், சில மாதங்கள்கூட, எதிர்த்தரப்பு மாணவரின் வீட்டில் தங்கி அவருடைய பள்ளிக்கே போகிறார், பிறகு அவர் இங்கே வந்து அதே அளவு காலம் தங்குகிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரு நாட்டுக்கும் நடுவே காயம் இன்னும் ஆறவில்லை, பெற்றோர் பயப்படுகிறார்கள் என்றால் முதல் ஆண்டு வீடு வேண்டாம். இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது இடத்தில் சந்தியுங்கள், அங்கே யாரும் விருந்தாளி இல்லை, யாரும் வீட்டுக்காரரும் இல்லை. அடுத்த ஆண்டு வீட்டுக்குப் போகலாம். தொண்ணூறுகளில் போரைப் பார்த்த தென்கிழக்கு ஐரோப்பாவின் மேற்கு பால்கன் பகுதியில்கூட ஆறு அரசுகள் சேர்ந்து 2016-ல் ஓர் இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகத்தை உருவாக்கின, அல்பேனியாவின் டிரானா நகரைத் தலைமையிடமாக வைத்து, பிரெஞ்சு–ஜெர்மன் அலுவலகத்தையே முன்மாதிரியாகக் கொண்டு.

மொழி

இருவருக்கும் தெரிந்த மூன்றாவது மொழி ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டிவிடத் தோன்றும். ஓட்டலாம், ஆனால் அந்த மொழி நன்றாகத் தெரிந்த நாலு பேர்தான் கடைசிவரை பேசுவார்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஜோடி முறை வையுங்கள்: பாதி நேரம் அவர் தன் மொழியை இவருக்குச் சொல்லித் தர வேண்டும், மீதிப் பாதி இவர் அவருக்கு. அரைகுறையாகப் பேசி மாட்டிக்கொள்வது இரண்டு பேருக்கும் சமமாக நடப்பதால் கூச்சம் சீக்கிரம் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் கூடவே இருக்கட்டும், வரலாறு மாதிரி சிக்கலான பேச்சுக்கு மட்டும் கூப்பிடுங்கள்.

கல்லூரி மாணவர்கள் என்றால் மதிப்பெண் கணக்கு

பள்ளி நடத்துகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஒரு பருவம் முழுக்க அங்கே படித்துவிட்டு வந்த பிறகு ‘இது நம் பாடத்திட்டத்தில் இல்லை’ என்று சொல்லி அதே பருவத்தைத் திரும்பப் படிக்கவைத்தால், அடுத்த ஆண்டு ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். எராஸ்மஸ் 1987-ல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் தொடங்கியது. அது இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு, படிப்பின் அளவை எண்ணால் கணக்கிடும் கிரெடிட் முறை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், எந்த நாட்டில் படித்தாலும் அதே அளவுகோல்.

உங்கள் கல்லூரிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. போவதற்கு முன்பே, அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஒரு தாளில் எழுதி, மாணவர், அனுப்புகிற கல்லூரி, ஏற்கிற கல்லூரி என்று மூவரும் கையெழுத்திட வேண்டும். அங்கே போய்ப் பாடம் மாறினால் தாளையும் மாற்றி மறுபடி மூன்று கையெழுத்து. வாய் வார்த்தையை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள்.

காகித வேலை

பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும், ஆகவே முதலிலேயே எல்லோருடையதையும் வாங்கிப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதம். மருத்துவக் காப்பீடு. ஒவ்வாமை, அன்றாட மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இவற்றை எதிர்த்தரப்பு மொழியிலும் எழுதிய ஒரு சீட்டு ஒவ்வொரு மாணவர் கையிலும். தங்கவைக்கும் வீடுகளை ஒரு ஆசிரியராவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைக்கு அங்கே சரிப்படாவிட்டால் காரணம் கேட்காமல் அன்றே மாற்றிக்கொள்ள வேறு ஒரு வீடு தயாராக இருக்க வேண்டும். வரும் பிள்ளைகளுக்கான அழைப்புக் கடிதத்தைத் தாமதிக்காமல் அனுப்புங்கள், இந்தக் கடிதத்தில் தேதியோ பெயரோ பொருந்தாவிட்டால் விசா சிக்கலாகலாம்.

எல்லையில் சூடு பிடித்தால்

அண்டை நாடுகள் என்றால் இது வரும், வராது என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். சீனா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் ‘கேம்பஸ் ஆசியா’ என்ற பல்கலைக்கழகப் பரிமாற்றத்தை 2011-ல் சோதனையாகத் தொடங்கின. அடுத்த ஆண்டே சில தீவுகள் யாருக்குச் சொந்தம் என்ற விவகாரத்தில் உறவு கெட்டு, மூன்று நாட்டுத் தலைவர்களின் உச்சி மாநாடு 2012-க்குப் பிறகு 2015 வரை நடக்கவேயில்லை. மாணவர்கள் போய் வருவது நிற்கவில்லை. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் நேரடியாக ஒப்பந்தம் போட்டு, கூட்டுப் பாடங்களும் பட்டங்களும் அதில் பின்னிக்கிடந்ததால் ஒரு தரப்பு சட்டென்று கையை உதறிவிட முடியாது.

உங்கள் அளவில் என்ன செய்யலாம்? எந்தச் சூழ்நிலையில் பயணத்தைத் தள்ளிவைப்போம், யார் முடிவெடுப்பது, தள்ளிவைத்தால் கூட்டு வேலையை இணையத்தில் எப்படித் தொடர்வது என்று அமைதியான காலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பயணம் நின்றாலும் மாதம் ஒரு காணொளிச் சந்திப்பு நிற்கக் கூடாது. பிள்ளைகள் அங்கே இருக்கும்போதே ஏதாவது வெடித்தால், அன்று மாலை நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ‘அரசியல் வேண்டாம்’ என்று வாயடைத்தால் அவர்கள் அறைக்குப் போய்த் தங்கள் நாட்டுச் செய்திகளை மட்டும் பார்ப்பார்கள். இன்னொன்று, அச்சடிக்கும் எந்தத் தாளிலும் வரைபடம் போடுவதற்கு முன் எதிர்த்தரப்பிடம் காட்டிவிடுங்கள். எல்லைக் கோடு ஒன்று தப்பாக விழுந்த வரவேற்புப் பதாகை ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிடும்.

திரும்பி வந்த பிறகு

எதிர்ப்பயணத்துக்கான தேதியை முதல் பயணம் தொடங்கும் முன்பே குறித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எராஸ்மஸிலிருந்து வெளியேறிய பிரிட்டன் 2021-ல் தொடங்கிய டூரிங் திட்டம் தன் மாணவர்களை வெளியே அனுப்ப மட்டும் பணம் கொடுத்தது, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. வேல்ஸ் அதைப் போதாது என்று கருதி, வருகிறவர்களுக்கும் பணம் கிடைக்கும்படி ‘டைத்’ என்ற தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. வேல்ஸ் செய்ததுதான் சரி என்பேன்.

போய் வந்தவர்களை ஒரு கட்டுரை எழுதவைத்து விட்டுவிடாதீர்கள். அவர்களே அடுத்த ஆண்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், எதிர்ப்பயணத்தில் வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டட்டும், பயப்படுகிற பெற்றோரிடம் பேசட்டும். நீங்கள் ஒரு மணி நேரம் விளக்குவதைவிடப் போய் வந்த பிள்ளை பத்து நிமிடம் பேசினால் அந்தத் தாய் சம்மதிப்பார். கூட்டு வேலையின் முடிவை இரண்டு ஊரிலும் ஒரே வாரத்தில் காட்சிக்கு வையுங்கள்.

கடைசியாகக் கருத்துக் கேட்பு. கிளம்புகிற நாளில் படிவம் கொடுத்தால் எல்லோரும் ‘மறக்க முடியாத அனுபவம்’ என்றுதான் எழுதுவார்கள், பேருந்து நிறுத்தத்தில் கட்டிப்பிடித்து அழுத கையோடு வேறென்ன எழுத முடியும். அந்தத் தாளை நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டு, உங்களுக்காக ஆறு மாதம் கழித்து மூன்றே கேள்வி கேளுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் அங்குள்ள யாரோடாவது பேசினாயா, அந்த நாட்டைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னபோது நீ என்ன சொன்னாய், அங்கிருந்து வரும் ஒருவரை உன் வீட்டில் தங்கவைக்க வீட்டில் சம்மதிப்பார்களா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்பவர்களின் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டுக்கான வீடுகளை அதிலிருந்துதான் எடுக்கப்போகிறீர்கள்.